வயற்கணக்கை வலைப்பக்கத்தில் ஏற்றுதல்: மேத்.ஜேஎஸ் நூலகத்துடன் தொடங்குவதற்கு ஒரு வழிகாட்டி

உறுதியில் 5 ஏக்கர் 2 றூட் 30 பேர்ச் (ஓர் ஏக்கர் 4 றூட், ஒரு றூட் 40 பேர்ச்) என்று எழுதப்பட்ட வயற்காணியை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால், படுவான்கரையில் காலமெல்லாம் வயல் செய்த ஒருவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார். அதே கணக்கை ஒரு வலைப்பக்கத்தில் செய்து காட்டச் சொன்னால், ஜாவாஸ்கிரிப்ட் படித்த பிள்ளைகள் பலர் முதல் நாளே இடறுகிறார்கள். பெருக்கலும் பிரித்தலும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கணினி எந்த வகை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்கிறது என்பதை மட்டும் அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை. மேத்.ஜேஎஸ் என்னும் கணித நூலகத்தைப் பழகத் தொடங்குவோருக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த ஒரு கேள்வியைத்தான். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வருபவை.

மேத்.ஜேஎஸ், நெதர்லாந்தைச் சேர்ந்த யோஸ் டி யோங் 2013 இல் வெளியிட்ட திறந்த மூல நூலகம். அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உலாவியிலும் இயங்கும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ் வழங்கியிலும் இயங்கும். பின்னங்கள், நீண்ட தசமங்கள், சிக்கலெண்கள், தாயங்கள் (மேட்ரிக்ஸ்), அளவை அலகுகள் ஆகியவற்றை ஒரே முறையில் கையாளுவதோடு, பயனர் ஒரு பெட்டியில் தட்டிய சமன்பாட்டை வாசித்து விளங்கிக்கொண்டு விடையும் தரும். இந்தக் கடைசித் திறமைக்காகவே பலர் இதை நாடுகிறார்கள்.

ஆனாலும் நான்கு எண்களைக் கூட்டிக் காட்டும் பக்கத்துக்கு இது தேவையில்லை. நூலகத்தின் முழுக் கோப்பு, சுருக்கிய வடிவத்திலும் அரை மெகாபைட்டைத் தாண்டும். மண்டூர்த் துறையில் பாதை என்னும் மிதவைப் படகுக்குக் காத்திருந்தபடி கைப்பேசியில் பக்கத்தைத் திறப்பவருக்கு அது சிறிய சுமை அல்ல. பின்னம், அலகு, பயனர் தட்டும் சூத்திரம் ஆகிய மூன்றில் ஒன்றாவது உங்கள் பக்கத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்ட் தன்னிடம் வைத்திருப்பதே போதும்.

இங்கே கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். இரு சொற்கள் ஒட்டிய பெயராக இருந்தால் இரண்டாவது சொல்லின் முதலெழுத்து மட்டும் பேரெழுத்தாக வரும். பிக்நம்பர் இதற்கு விலக்கு: சார்பாக அழைக்கும்போது அது முழுவதும் சிற்றெழுத்தே.

நிறுவுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நோட்.ஜேஎஸ் உள்ள கணினியில், திட்டக் கோப்புறைக்குள் நின்று என்பிஎம் இன்ஸ்டால் கட்டளையோடு நூலகத்தின் பெயரைக் கொடுக்கலாம். அங்கே பெயருக்கு நடுவில் புள்ளி இல்லை. ‘மேத்ஜேஎஸ்’ என்று ஒரே சொல்லாக எழுத வேண்டும். வெறும் எச்டிஎம்எல் பக்கத்தில் பழகுபவர், உலாவிக்கென்று தயாரித்த கோப்பைப் பதிவிறக்கித் தம் பக்கத்தின் அருகிலேயே வைத்து, ஸ்கிரிப்ட் குறிச்சொல்லால் அழைக்கலாம். பொது விநியோகத் தளங்களிலிருந்து நேரடியாக அழைக்கவும் முடியும். இருந்தாலும் தொடங்குபவர் கோப்பைக் கணினியிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். இணையம் விட்டு விட்டு வரும் மாலைகளில், பிழை நம் நிரலில் உள்ளதா, இணைப்பில் உள்ளதா என்று தேடிக் களைக்க வேண்டியிராது.

கோப்பை அழைத்தவுடன் ‘மேத்’ என்ற பொருள் உங்களுக்குக் கிடைக்கும். இங்கேதான் முதல் இடறல். ஜாவாஸ்கிரிப்டுக்கு உள்ளேயே ‘மேத்’ என்று ஒன்று ஏற்கெனவே உண்டு. அதன் முதலெழுத்து பேரெழுத்து. நூலகத்தின் முதலெழுத்து சிற்றெழுத்து. ஓர் எழுத்து மாறினால் வேறொருவரிடம் போய் வேலை சொன்ன கதைதான். இரண்டிலும் உள்ள ஒரே பெயர்ச் சார்புகள் வெவ்வேறு விடை தரவும் கூடும்: -4 இன் வர்க்கமூலத்தைக் கேட்டால் பழையது ‘எண் அல்ல’ என்று கைவிரிக்கும், நூலகமோ 2i என்ற சிக்கலெண்ணைத் தரும்.

நூலகத்தின் வாசல் எவாலுவேட் என்னும் சார்பு. மேற்கோட்குறிக்குள் ஒரு கோவையை எழுதி அதனிடம் கொடுத்தால், விடை வரும். அந்தக் கோவையின் இலக்கணம் பாடசாலைக் கணிதத்துக்கு நெருக்கமானது. ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணம் அல்ல. 2^3 என்று நேரடியாக நிரலில் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் 1 என்று சொல்லும். ஏனெனில் அதன் மொழியில் அந்தக் கூர்க்குறி இரும எண்களின் இலக்கங்களை ஒப்பிடும் செயல். அதையே எவாலுவேட்டிடம் கொடுத்தால் 8 வரும். கோணங்களிலும் கவனம் வேண்டும். சைன் சார்புக்கு வெறுமனே 90 ஐக் கொடுத்தால் அதை 90 ஆரையன் என்றே எடுத்துக்கொள்ளும். 90 ஐ அடுத்துப் பாகைக்கான ‘டெக்’ என்ற அலகையும் எழுதினால்தான் 1 வரும். உயர்தரக் கணிதப் பாடத்தில் சித்தி பெற்றவர்களும் இந்த இடத்தில் அரை மணித்தியாலம் தொலைத்திருக்கிறார்கள்.

இனி எண்ணின் வகை. எவாலுவேட்டிடம் 0.1 + 0.2 ஐக் கொடுத்துப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். நூலகம் பிழை விட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் வழமையான எண், ஐஇஇஇ 754 என்னும் நியமத்தின்படி 64 இருமங்களுக்குள் அடைக்கப்பட்ட எண். பத்தில் ஒன்று இரும முறையில் முடிவுறாத் தசமம் போல நீள்வதால், எங்கோ வெட்டப்பட்டே சேமிக்கப்படுகிறது. முழுவெண்களிலும் எல்லை உண்டு: 9007199254740991 ஐத் தாண்டினால் அடுத்தடுத்த எண்களை அதனால் பிரித்தறிய முடியாமல் போகும். மேத்.ஜேஎஸ் தனக்கென்று எதுவும் சொல்லாதவரை இந்த வழமையான எண்ணையே பயன்படுத்துகிறது. ஆகவே நூலகத்தை இணைத்துவிட்டோம், இனிக் கணக்குப் பிசகாது என்று இருந்துவிடுவது தவறு.

பணக் கணக்குக்கு ஏற்றது பிக்நம்பர். இது வழமையாக 64 குறிப்பிடத்தக்க இலக்கங்கள் வரை தசம முறையிலேயே கணக்கை வைத்திருக்கும். எத்தனை இலக்கம் வேண்டும் என்பதை நாமும் மாற்றலாம். 1.005 ஐ ஜாவாஸ்கிரிப்டின் டூஃபிக்ஸ்ட் வழியாக இரண்டு தசமதானங்களுக்கு மட்டந்தட்டினால் 1.00 வரும், பிக்நம்பராக்கி மட்டந்தட்டினால் 1.01 வரும். ஆனால் மதிப்பை மேற்கோட்குறிக்குள் எழுத்துச் சரமாகவே அதனிடம் கொடுக்க வேண்டும். முதலில் வழமையான எண்ணாகக் கூட்டிவிட்டு, வந்த விடையைப் பிக்நம்பராக மாற்றினால், உடைந்த பானையைப் பட்டுத்துணியில் பொதிந்து வைத்தது போலத்தான். வழமையான எண்ணையும் பிக்நம்பரையும் ஒரே கூட்டலில் கலக்கும்போது, வழமையான எண் 15 குறிப்பிடத்தக்க இலக்கங்களை மீறியிருந்தால் நூலகம் மறுத்துப் பிழை காட்டும். தொடங்குபவர்கள் இதனால் எரிச்சலடைகிறார்கள். எனக்கு அது பிடித்த குணம். தவறான விடையைச் சத்தமில்லாமல் தருவதைவிட நின்று கேட்பது மேல்.

பங்கு பிரிக்கும் கணக்குக்குப் பிக்நம்பரும் சரிவராது. 1 ஐ 3 ஆல் வகுத்து மீண்டும் 3 ஆல் பெருக்கினால், 64 ஒன்பதுகள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்று வராது. இங்கே வேண்டியது ஃபிராக்ஷன். இது தொகுதியையும் பகுதியையும் தனித்தனி முழுவெண்களாக வைத்துக்கொள்வதால், மூன்றிலொன்றும் ஆறிலொன்றும் சேர்ந்தால் சரியாக அரை வரும். நூலகத்தை உருவாக்கும்போதே, கிரியேட் சார்புக்குக் கொடுக்கும் அமைப்பில், எண்ணின் வகை இன்னது என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதன்பின் எவாலுவேட் வாசிக்கும் எண்கள் எல்லாம் அந்த வகையிலேயே பிறக்கும். பணத்துக்கு ஒன்று, பங்குக்கு ஒன்று என இரண்டு தனி உருவாக்கங்களை ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

பெட்டியில் பயனர் தட்டுவது எதுவாக இருந்தாலும் அது எழுத்துச் சரமாகவே நிரலுக்கு வரும் என்பதையும் மறக்கக்கூடாது. நான் முதன்முதலில் செய்த பக்கம், இரண்டு வயல்களில் அறுவடையான நெல் மூடைகளைக் கூட்டிச் சொல்வது. 40 மூடையும் 35 மூடையும் சேர்ந்து 4035 மூடை என்று அது சொன்னது. ஜாவாஸ்கிரிப்டின் கூட்டற்குறி இரண்டு சரங்களையும் ஒட்டவைத்துவிட்டது. பெருக்கலில் இந்தக் கோளாறு தெரிவதில்லை என்பதால், விலையோடு பெருக்கிப் பார்த்த சோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பக்கத்தைக் காட்டியபோது வயற்காரர் ஒருவர் சிரித்த பிறகுதான் நான் கண்டேன். மேத்.ஜேஎஸ்ஸின் ஆட் சார்பு சரங்களை எண்ணாக்கிக் கூட்டி 75 தந்துவிடும். அதற்காக உள்ளீட்டைச் சரிபாராமல் விடலாகாது: ‘1,250’ என்று காற்புள்ளியோடு தட்டினால் அதுவும் பிழை எறியும். காற்புள்ளிகளையும் வெற்றிடங்களையும் நீக்கிவிட்டு, பெட்டி வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே எண்ணாக மாற்றுங்கள்.

அலகுகள் இந்த நூலகத்தின் இனிய பகுதி. உரம் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோகிராம் என்று ஒரு தாளில் அச்சாகியிருக்கும். எங்கள் வயல்களோ ஏக்கரில் பேசப்படுகின்றன. ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் என்பதை ஆங்கில அலகுக் குறிகளோடு எழுதி, ‘டு’ என்ற மாற்றச் சொல்லை இட்டு, ஏக்கருக்குக் கிலோகிராம் என்று கேட்டால் 40.4686 என்று வரும். ஒரு ஹெக்டேயரில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் எத்தனை லீற்றர் என்று கேட்டால், நீளத்தையும் பரப்பையும் பெருக்கிக் கனவளவாக்கி 250000 என்று சொல்லும். கிலோகிராமோடு மீற்றரைக் கூட்டச் சொன்னால் அலகுகள் பொருந்தவில்லை என்று மறுக்கும்.

அதனிடம் இல்லாத அலகை கிரியேட்யூனிட் சார்பால் நாமே சேர்க்கலாம். குளங்களின் கொள்ளளவைச் சொல்லும் ஏக்கர் அடி அப்படி ஒன்று. ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 43560 கன அடி. இந்த வரையறையைக் கொடுத்துவிட்டு, இங்கினியாகலையில் கட்டப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் 770000 ஏக்கர் அடியைக் கன மீற்றருக்கு மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 95 கோடி வரும். சம்மாந்துறை வயல்களுக்கு வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பற்றிப் பாடசாலைச் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகளுக்கு இது நல்ல தொடக்கம்.

பேர்ச்சையும் அவ்வாறே 272.25 சதுர அடி என்று சேர்த்துவிட்டு, ஓர் ஏக்கரைப் பேர்ச்சாக மாற்றச் சொன்னேன். 160 வரவில்லை, 160.00014 என்று தொடங்கும் ஒரு நீண்ட தசமம் வந்தது. காரணத்தைத் தேடினால், நூலகம் ஏக்கரை 4046.86 சதுர மீற்றர் என்று மட்டந்தட்டிய பெறுமானமாக வைத்திருக்கிறது. உண்மையான பெறுமானம் 4046.8564224. உரக் கணக்கில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். எல்லைக்கல்லுக்காக வழக்குப் பேசும் ஊரில், காணிக் கணக்கில் இது வரக்கூடாது. தீர்வு எளிது. பேர்ச்சை அடிப்படையாக வைத்து, றூட்டை 40 பேர்ச், நம் ஏக்கரை 160 பேர்ச் என்று வேறு பெயரில் நாமே வரையறுப்பது. அல்லது காணிப் பங்கில் அலகுகளையே விட்டுவிட்டு வெறும் பின்னத்தில் செய்வது. நான் இரண்டாவதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

தமிழில் மாறிகளின் பெயரை வைக்கலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். ஜாவாஸ்கிரிப்ட் தடையின்றி ஏற்றுக்கொள்ளும். எவாலுவேட்டிடம் ‘மூடை * விலை’ என்று கொடுத்தாலோ, அது முதல் எழுத்திலேயே தடுக்கி விழும். அதன் வாசிப்பான் இலத்தீன், கிரேக்கம் முதலான சில எழுத்துகளையே எழுத்தென்று அறியும். பார்ஸ் சார்பின் கீழுள்ள இஸ்ஆல்ஃபா என்ற சிறு சார்பை நாம் மாற்றி எழுதலாம். பழைய சார்பு சரியென்றால் சரி. இல்லாவிட்டால் அந்த எழுத்தின் யுனிகோட் எண் 0பி80 தொடக்கம் தமிழுக்குரிய வரிசையில் உள்ளதா என்று பார்த்துச் சரியென்று சொல்லும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் அதே வரிசையில் இருப்பதால் சொல் நடுவில் முறியாது. 0பிஇ6 இல் தொடங்கும் தமிழ் இலக்கங்களை மட்டும் விலக்கிவிடுங்கள், எண் எழுத்தாகிவிடக்கூடாது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘தொகை’ என்று இருவர் தட்டினால், ஒருவரின் விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், மற்றவருடையது கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் அனுப்பக்கூடும். திரையில் வேறுபாடு தெரியாது. நூலகமோ வரையறுக்கப்படாத குறி என்று பிழை சொல்லும். உள்ளீட்டு வரியை நார்மலைஸ் சார்பால், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு எவாலுவேட்டிடம் கொடுத்தால் இது தீரும்.

பயனர் எழுதும் கோவையை இயக்குவது ஆபத்து இல்லையா என்ற ஐயம் நியாயமானது. எவாலுவேட், எந்தச் சரத்தையும் நிரலாக இயக்கிவிடும் ஜாவாஸ்கிரிப்டின் ஈவல் சார்பைப் பயன்படுத்துவதில்லை. தன் சொந்த வாசிப்பானையே நம்புகிறது. இருந்தும், பொதுமக்கள் தட்டும் பெட்டியாக இருந்தால், எவாலுவேட்டை ஒரு தனிப் பெயரில் எடுத்து வைத்துக்கொண்டு, இம்போர்ட், கிரியேட்யூனிட், பார்ஸ், எவாலுவேட் முதலியவை கோவைக்குள்ளிருந்து அழைக்கப்பட்டால் பிழை எறியும்படி இம்போர்ட் வழியாக மாற்றிவிடுவது நல்லது. நம் அலகுகளை அதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். வரிசை மாறினால் நாமே நம் வீட்டுக்கு வெளியே நிற்போம். பெருந்தாயங்களை உருவாக்கச் சொல்லிப் பக்கத்தை உறையவைப்பவர்களும் இருப்பார்கள் என்பதால், அத்தகைய கணக்கை, பக்கத்தைத் தடுக்காமல் பின்னணியில் இயங்கும் வெப் வொர்க்கரில் தனியே ஓடவிடுங்கள். ஒரே சூத்திரத்தை நூறு புள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பக் கணித்து வரைபு கீறுபவர், கம்பைல் சார்பால் ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்வது வேகம்.

புள்ளிவிபரத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நியம விலகல் தரும் எஸ்டிடி சார்பு, வேறெதுவும் சொல்லாவிட்டால் தரவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கும். 2, 4, 6 என்ற தரவுகளுக்கு அது 2 என்று சொல்லும். எண்ணிக்கையாலேயே வகுத்துக் கொப்பியில் செய்த பிள்ளைக்கு 1.633 வந்திருக்கும். கொப்பியின் விடை வேண்டுமானால் ‘அன்கரெக்டட்’ என்று இரண்டாவது உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். தாயங்களில், கோவைக்குள் முதல் உறுப்பின் சுட்டெண் 1, ஜாவாஸ்கிரிப்டில் 0 என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இப்போது அந்தக் காணி. 5 ஐ 160 ஆலும், 2 ஐ 40 ஆலும் பெருக்கி 30 ஐக் கூட்டினால் 910 பேர்ச். அதை ஃபிராக்ஷனாக உருவாக்கி 3 ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பின்னத்தை 160 ஆல் வகுத்து, ஃப்ளோர் சார்பால் முழுப்பகுதியை எடுத்தால் ஏக்கர். மோட் சார்பால் மீதியை எடுத்து, அதை 40 ஆல் வகுத்த முழுப்பகுதி றூட். அதன் மீதி பேர்ச். பேர்ச்சைத் திரையில் காட்டும்போது தசமமாக்காமல், பின்னத்தின் டூஃபிராக்ஷன் முறைக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் கலப்பெண்ணாக அச்சிடும். ஆளுக்கு 1 ஏக்கர் 3 றூட் 23 1/3 பேர்ச் என்று பக்கம் சொல்ல வேண்டும். சொன்னதும், அந்தப் பங்கை நிரலிலேயே மூன்றால் பெருக்கி, ஈக்குவல் சார்பால் 910 உடன் ஒப்பிடும் ஒரு வரியையும் எழுதி, அது ‘ட்ரூ’ என்று சொல்லும்வரை விடை தெரியும் பெட்டியைத் திறக்காமல் வையுங்கள்.